சிறுநீரகக் கட்டி மூக்குக்குப் பரவி ரத்தம் வடிகிறது: ஐந்து நாள் கதிர்வீச்சு நிறுத்துமா?

நிலாமுற்றம் | திங்கள், இரவு 10.40

அப்பாவுக்கு வயது 67. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் புற்றுநோய்க்காக இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள் விடாமல் ஸ்கேன் எடுத்தோம். பிறகு "இனிப் பயமில்லை" என்றார்கள். நாங்களும் கோப்பைப் பரணில் போட்டுவிட்டோம்.

இரண்டு மாதங்களாக வலது மூக்கில் ரத்தம் வருகிறது. சில்லுமூக்கு உடைந்திருக்கும் என்று முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டு, செக்கச்செவேலென்று ஒரு கட்டி இருக்கிறது என்றார். பரிசோதனைக்குச் சிறு துண்டு எடுத்தபோது கொட்டிய ரத்தம் நிற்கவே இல்லை. திரி வைத்து அடைத்து இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். அறிக்கை வந்தது: அதே பழைய சிறுநீரகப் புற்றுநோய், மூக்குக்கு வந்திருக்கிறது. நுரையீரலிலும் சிறு சிறு புள்ளிகள். ஹீமோகுளோபின் 6.8-க்கு இறங்கி, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம்.

இப்போது கதிர்வீச்சுப் பிரிவில் ஐந்து நாள், நாளுக்கு 4 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), மொத்தம் 20 கிரே என்கிறார்கள். குணப்படுத்துவதற்கு அல்ல, ரத்தத்தை நிறுத்துவதற்கு என்று தெளிவாகவே சொன்னார்கள். எனக்கு இரண்டு கேள்விகள். சிறுநீரகப் புற்றுநோய் கதிர்வீச்சுக்கு மசியாது என்று படித்தேன். பிறகு ஏன் இது? நிற்கும் என்றால் எத்தனை நாளில் நிற்கும்?

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டில் எல்லோரும் இதைக் "கரண்ட் வைப்பது" என்றுதான் சொல்கிறார்கள். அப்பா ஒரு காலத்தில் மின்வாரிய வேலை பார்த்தவர். "மூக்கிலா கரண்ட் வைப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு அன்றிரவு சாப்பிடவே இல்லை.

அரைக்கிணறு | திங்கள், இரவு 11.15

மனதைப் புண்படுத்தச் சொல்லவில்லை. என் மாமாவுக்கு இரைப்பையில் கட்டி, ரத்த வாந்தி. பத்து நாள் கதிர்வீச்சு என்று எழுதினார்கள். தினமும் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப்போனோம். ஆறாம் நாள் வரை ரத்தம் குறையவில்லை; எட்டாம் நாள் அவர் இல்லை. மிஞ்சியது அலைச்சல்தான். கடைசி வாரத்தை வீட்டில் கழித்திருக்கலாம். போவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

லினாக்வாசி | செவ்வாய், காலை 6.20

நான் கதிர்வீச்சு மருத்துவன். உங்கள் அப்பாவின் படங்களைப் பார்க்காமல் அவருக்கு இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். கேள்விகளுக்குப் பொதுவாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் "மசியாது" என்ற சொல். சிறுநீரகப் புற்றணுக்களைச் சிறு தவணைகளில் கொல்வது கடினம் என்ற பேர் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஒவ்வொரு தவணையிலும் அளவைக் கூட்டினால் அந்தப் பிடிவாதம் தளரும் என்பதும் இப்போது தெரிந்த விஷயம். ஆனால் ரத்தம் வடிவது புற்றணுவிலிருந்து அல்ல, கட்டிக்குள் ஓடும் ரத்தக்குழாயிலிருந்து. இந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் விஹெச்எல் என்ற மரபணு செயலிழந்து கிடக்கும். அதனால் "ஆக்சிஜன் போதவில்லை, குழாய் போடு" என்ற கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். அவசரத்தில் கட்டிய குழாய்கள், மெல்லிய சுவர், ஒழுங்கான தசைப்பூச்சு கிடையாது. தும்மினால் உடையும். துண்டு எடுத்தபோது கொட்டியது அதனால்தான். எடுத்தவர் கைப்பிழை என்று எண்ண வேண்டாம்.

கதிர் பட்டதும் அந்தக் குழாய்களின் உள்சுவர் அணுக்கள் காயப்பட்டு வீங்குகின்றன. ரத்தத் தட்டுகள் அங்கே ஒட்டத் தொடங்குகின்றன, சிறு குழாய்கள் அடைபடுகின்றன. இது முதல் சில நாள் கதை. வாரங்கள் போகப் போகச் சுவர் தடித்து, நார் படிந்து, குழாய் சுருங்குகிறது. கட்டியும் சுருங்கினால் அது கூடுதல் லாபம். ஆகவே கட்டி அசையாமல் இருந்தும் ரத்தம் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாள்? சிலருக்கு 24 முதல் 48 மணி நேரத்திலேயே குறையும். பலருக்கு ஒரு வாரம், இரண்டு வாரம். அரிய பரவல் கட்டிகளுக்கென்று தனியாகப் பெரிய ஆய்வுகள் நடத்த ஆள் சேராது. இரைப்பை, நுரையீரல், சிறுநீர்ப்பைக் கட்டிகளில் கற்றதைத்தான் இங்கே கொண்டுவருகிறோம். அங்கே ஏறத்தாழப் பத்தில் ஏழு பேருக்காவது பலன் கிடைக்கிறது.

அரைக்கிணறு அவர்களே, உங்கள் மாமாவின் விஷயத்தில் நீங்கள் சொல்வது தவறல்ல. என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கதிர் வேலை செய்ய எடுக்கும் நாட்களைவிட நோயாளிக்கு இருக்கும் நாட்கள் அதிகமா? வாரக்கணக்கில் உயிர் எதிர்பார்க்கப்படாதவருக்குப் பத்துத் தவணை எழுதுவது மருத்துவம் ஆகாது, சடங்கு. அவருக்கு ஒரே தவணையில் 8 கிரே கொடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அல்லது கொடுக்காமலே இருந்திருக்கலாம். நடந்து மருத்துவமனைக்குப் போகிற, பசித்துச் சாப்பிடுகிற 67 வயதுக்காரரின் கணக்கு வேறு.

"கரண்ட்" பற்றி அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: மின்சாரம் எந்திரத்துக்குத்தான், அவருக்கு அல்ல. எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படி ஒன்றும் தெரியாதோ அப்படித்தான் இதுவும். படுக்கவைத்துச் சரிபார்க்கப் பத்து நிமிடம், கதிர் ஓடுவது ஓரிரு நிமிடம். முடிந்து வந்தால் அவர் உடலில் கதிர் தங்கியிருக்காது, பேரக்குழந்தையைத் தூக்கலாம்.

நெறியாளர் | செவ்வாய், காலை 9.05

ரத்தத்தை "மூன்றே நாளில்" நிறுத்தும் பொடி பற்றிய பதிவு, தொலைபேசி எண்ணோடு நீக்கப்பட்டது. பதிந்தவர் வேறு பெயரில் திரும்ப வந்தாலும் நீக்கப்படும்.

பஞ்சும்துணியும் | செவ்வாய், பிற்பகல் 2.30

இருபது ஆண்டுகளாக வலிதணிப்புப் பிரிவில் செவிலியர். டாக்டர் சொன்ன அந்த ஒன்றிரண்டு வாரத்தை வீட்டில் எப்படிக் கடப்பது என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதை நான் சொல்கிறேன்.

ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்வார்கள். வேண்டாம். சாய்த்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும், வயிற்றில் சேர்ந்து வாந்தியாக வரும், அதைப் பார்த்து எல்லோரும் இன்னும் பயப்படுவீர்கள். நேராக உட்காரவைத்து முன்னால் குனியச் சொல்லுங்கள். எலும்புக்குக் கீழே மூக்கின் மெத்தென்ற பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. நடுவில் "நின்றுவிட்டதா?" என்று எடுத்துப் பார்க்கக் கூடாது, எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வாயால் மூச்சு விடட்டும், வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பட்டும். கட்டி ஆழத்தில் இருந்தால் அழுத்தம் எட்டாமல் போகலாம். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகும் வடிந்தாலோ தலை சுற்றினாலோ காத்திருக்காமல் கிளம்புங்கள். கொட்டுகிறது என்றால் பதினைந்து நிமிடமும் வேண்டாம், பிடித்தபடியே கிளம்புங்கள்.

கட்டிலருகே கருநீலத்திலோ அடர் பச்சையிலோ இரண்டு துண்டுகள் வையுங்கள். வெள்ளைத் துணியில் ஒரு கரண்டி ரத்தம் ஒரு குடம் போலத் தெரியும். பார்க்கிறவருக்கும் பயம், சிந்துகிறவருக்கு அதைவிடப் பயம்.

வெளியே தெரியும் கட்டிகளுக்கு, உச்சந்தலையில் வரும் ஆஞ்சியோசார்கோமா (ரத்தக்குழாய்ப் புற்றுநோய்) போன்றவற்றுக்கு, ஒரு செய்தி. அங்கே ரத்தம் பெரும்பாலும் வருவது கட்டுப் பிரிக்கும்போதுதான். காய்ந்த துணியைப் பிய்க்காதீர்கள். உப்புக் கரைசலை ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் தானாக வழுக்கிக்கொண்டு வரும். ஒட்டாத வலைத்துணியை அடியில் வைத்துக் கட்டினால் அடுத்த நாள் பாதி வேலை மிச்சம்.

செங்கல் | செவ்வாய், மாலை 6.50

இவ்வளவு ரத்தக்குழாய் உள்ள கட்டி என்றால் நேராகக் குழாயையே அடைத்துவிடலாமே? தொடை வழியாகக் கம்பி விட்டு எம்போலைசேஷன் செய்வார்கள், அன்றே நிற்கும். என் சித்தப்பாவுக்குக் கல்லீரலில் செய்தார்கள். ஏன் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்?

லினாக்வாசி | செவ்வாய், இரவு 9.30

நியாயமான கேள்வி. கொட்டுகிற ரத்தத்துக்கு என்னிடம் அனுப்பாதீர்கள் என்று நானே சொல்வேன்; அதற்கு எம்போலைசேஷன்தான், அல்லது திரி வைத்து அடைப்பது, எண்டோஸ்கோப் வழியே சுடுவது. கதிர்வீச்சு தீயணைப்பு வண்டி அல்ல. அது விட்டுவிட்டுக் கசிந்து, வாரம் ஒரு யூனிட் ரத்தத்தைத் தின்னும் கட்டிக்கானது.

ஆனால் மூக்கு கல்லீரல் அல்ல. மூக்குக்குப் போகும் குழாய்களுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போகும் குழாய்களுக்கும் கள்ள வழிகள் உண்டு. அடைக்கும் துகள் அந்த வழியில் நழுவினால் பார்வை போகலாம், பக்கவாதம் வரலாம். கைதேர்ந்தவர் செய்தால் ஆபத்து குறைவு, ஆனாலும் இல்லை என்று சொல்ல முடியாது. அடைத்த குழாய்க்குப் பக்கத்தில் புதுக் குழாய் முளைத்து மறுபடி வடிவதும் உண்டு. அதனால் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்கிற இடங்களும் இருக்கின்றன: இன்று அடைப்பு, சில நாளில் கதிர்.

தவணைக் கணக்கைப் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஒரு சோதனை நடத்தி 2000-இல் வெளியிட்டது. ஒரு குழுவுக்குப் பத்துத் தவணைகளில் 35 கிரே, மற்றதற்கு மூன்றே தவணைகளில் 21 கிரே. மூன்று மாத முடிவில் மதிப்பிட முடிந்தவர்களில் 68 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன. இரண்டு குழுக்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. "மதிப்பிட முடிந்தவர்களில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சேர்ந்தவர்கள் 500 பேர், அந்தக் கணக்கில் வந்தவர்கள் 272 பேர். இந்தத் துறையில் எந்த எண்ணைப் படித்தாலும் அந்த இடைவெளியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மழைக்கால்வாய் | புதன், காலை 11.10

இந்த இழையைத் தேடி வேறு யாராவது வருவார்கள் என்பதால் எழுதுகிறேன். அரிய கட்டி, ரத்தம் என்றவுடன் கதிர்வீச்சு என்று முடிவு செய்துவிடாதீர்கள். என் தங்கைக்குக் கருக்கலைந்து நான்கு மாதம் கழித்து இருமலில் ரத்தம். பிறப்புறுப்பில் நீலம் பாய்ந்த ஒரு முடிச்சு. அதிலிருந்து துண்டு எடுக்கலாம் என்று ஒருவர் கிளம்பியபோது மூத்த மருத்துவர் ஓடிவந்து தடுத்தார். ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்பகால ஹார்மோனைப் பார்க்கச் சொன்னார். லட்சக்கணக்கில் இருந்தது. கோரியோகார்சினோமா, நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் புற்றுநோய். நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது. கீமோ மட்டும்தான் கொடுத்தார்கள். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவள் இப்போது வேலைக்குப் போகிறாள்.

லினாக்வாசி | புதன், பிற்பகல் 1.00

மழைக்கால்வாய் சொன்னதை இந்த இழையின் உச்சியில் ஒட்டிவைக்கலாம். கர்ப்பத்தை ஒட்டி வரும் கோரியோகார்சினோமா பரவிய பிறகும் மருந்தால் குணமாகக்கூடிய நோய். மீத்தோட்ரெக்சேட் அதில் வேலை செய்கிறது என்பது 1956-லேயே தெரிந்துவிட்டது. அதில் போய்ப் "பரவிவிட்டது, ரத்தத்தை மட்டும் நிறுத்துவோம்" என்று உட்காருவது பெரும் பிழை. சிறுகுடலில் பரவி வடியும் மெலனோமாவும் (நிறமி அணுக்களில் தோன்றும் புற்றுநோய்) என்னிடம் வரும். குடல் ஓரிடத்தில் நிற்காது, கதிரையும் அதிகம் தாங்காது. ஒரே இடத்தில் வடிகிறது என்றால் அறுவை மருத்துவரிடம் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நிலாமுற்றம் | வெள்ளி, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமை தொடங்கிவிட்டார்கள், இன்றோடு மூன்று முடிந்தது.

கதிர் கொடுக்கும்போது தலை அசையாமல் பிடிக்கும் முகமூடி செய்வதைப் பார்த்தேன். வெள்ளை நெகிழித் தட்டு, வெந்நீரில் போட்டதும் துணி போலத் துவண்டது. அதை அப்பாவின் முகத்தில் விரித்து நான்கு கைகள் அழுத்திப் பிடித்தன. இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகி அவர் முகமாகவே ஆகிவிட்டது, மூக்கின் பக்கத்து மருவோடு. அதன் மேல்தான் குறியிட்டார்கள், தோலில் அல்ல. ஒரு மூக்கு அடைத்திருப்பதால் மூச்சுத் திணறுமோ என்று பயந்தார்; வாய்ப்பக்கம் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள். முதல் நாள் முடித்து வந்து, "எர்த் கூட இல்லாமல் நல்ல வேலை செய்திருக்கிறார்கள்" என்றார். அவர் கிண்டல் செய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நிலாமுற்றம் | ஞாயிறு, அதிகாலை 3.40

மறுபடி வந்துவிட்டது. ஒரு மணிக்கு. செவிலியர் அக்கா சொன்னபடி குனியவைத்துப் பிடித்தேன், இருபத்திரண்டு நிமிடம் ஆனது. கருநீலத் துண்டு நனைந்துவிட்டது. இப்போது நின்றிருக்கிறது, தூங்குகிறார். கதிர்வீச்சு வேலை செய்யவில்லை என்று அர்த்தமா? மீதி இரண்டை நிறுத்திவிடலாமா?

பஞ்சும்துணியும் | ஞாயிறு, அதிகாலை 4.05

நின்றதே பெரிது. நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது? எழுந்தால் கண் இருட்டுகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் இப்போதே அவசரப் பிரிவு. இல்லையென்றாலும் விடிந்ததும் ஹீமோகுளோபின் பாருங்கள்.

ஒரு கேள்வி. அப்பா இதயத்துக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?

நிலாமுற்றம் | ஞாயிறு, அதிகாலை 4.20

கண் இருட்டவில்லை, நாடி 88. இதயத்துக்கு ஆஸ்பிரின் 75, பதினோரு ஆண்டுகளாக, ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். இதுவரை இதை யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

லினாக்வாசி | ஞாயிறு, காலை 6.10

யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு வியப்பில்லை, வருத்தம்தான். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஸ்டென்ட் இருக்கிறது. இன்றே இதய மருத்துவரிடம் பேசி, "புற்றுநோய்க் கட்டியிலிருந்து ரத்தம் வடிகிறது, என்ன செய்யலாம்" என்று கேளுங்கள். பதினோரு ஆண்டுப் பழைய ஸ்டென்ட் என்பதால் கொஞ்ச காலம் நிறுத்த ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். கட்டிக்கு மாத்திரை தொடங்கப் போகிறார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்: சிறுநீரகப் புற்றுநோய்க்குத் தரும் சுனிடினிப், பசோபனிப் போன்ற மாத்திரைகள் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுப்பவை, அவையே ரத்தக்கசிவைக் கூட்டலாம். எப்போது தொடங்குவது என்பதை இரண்டு பிரிவும் கலந்து பேச வேண்டும்.

மூன்று தவணையில் தீர்ப்பு எழுதாதீர்கள். இன்று ஐந்தாம் நாள்தான்.

செங்கல் | ஞாயிறு, காலை 8.45

டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை கொடுக்கலாமே? மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.

லினாக்வாசி | ஞாயிறு, காலை 9.20

மருந்துக்கடையில் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் கொடுத்துவிடக் கூடாது. ஸ்டென்ட் உள்ளவருக்கு உறைவைக் கூட்டும் மருந்து என்றால் கை தயங்க வேண்டும். 2020-இல் வெளிவந்த ஹால்ட்-இட் சோதனை 12,009 பேரிடம், செரிமானப் பாதை ரத்தக்கசிவுக்கு அதை ஊசியாகக் கொடுத்துப் பார்த்தது. மரணம் குறையவில்லை, சிரைகளில் (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்களில்) ரத்தம் உறைவது கூடியது. அது மூக்கும் அல்ல, புற்றுநோய்க்கென்று நடந்ததும் அல்ல; ஆனாலும் "கொடுத்தால் கெடுதல் இல்லை" என்ற பழைய நம்பிக்கை அதோடு போயிற்று. மருந்தில் நனைத்த திரியை மூக்குக்குள் வைப்பது வேறு விஷயம், மருத்துவர் செய்தால் நல்ல வழிதான்.

அரைக்கிணறு | ஞாயிறு, இரவு 7.00

நிலாமுற்றம், இன்று எப்படி?

நிலாமுற்றம் | ஞாயிறு, இரவு 9.50

ஹீமோகுளோபின் 8.1. ரத்தம் ஏற்றத் தேவையில்லை என்றார்கள். ஆஸ்பிரினை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டார் இதய மருத்துவர். நாளையும் மறுநாளும் மீதி இரண்டு தவணை. கேட்டதற்கு நன்றி ஐயா.

நிலாமுற்றம் | மறு வாரம் வியாழன், மாலை 5.30

ஐந்தும் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. முடித்த இரண்டாம் நாள் கைக்குட்டையில் ஒரு கோடு வந்தது, அதற்குப் பிறகு இளஞ்சிவப்பாகச் சளி, அவ்வளவுதான். கடந்த ஐந்து நாளாக அதுவும் இல்லை. கட்டி அப்படியேதான் இருக்கிறது, மூக்கு இன்னும் அடைத்தே இருக்கிறது. உள்ளே புண்ணாகிக் காய்ந்து பொருக்குத் தட்டுகிறது. நோண்டக் கூடாது என்று நாளுக்குப் பத்து முறை சொல்ல வேண்டியிருக்கிறது. உப்புநீர்த் தெளிப்பான் கொடுத்திருக்கிறார்கள். எதைச் சாப்பிட்டாலும் தகரம் போல இருக்கிறது என்கிறார். ஹீமோகுளோபின் 8.9. நுரையீரலுக்கான மருந்தை இன்னும் இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம் என்கிறார்கள்.

முகமூடியை எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். அப்பா அதை வரவேற்பறையில் மாட்டலாம் என்கிறார், அம்மா கண்ணிலேயே காட்டாதே என்கிறார்.

லினாக்வாசி | வியாழன், இரவு 8.00

நல்ல செய்தி. இது மாதக்கணக்கில் தாங்கலாம், சிலருக்குச் சீக்கிரம் திரும்பவும் செய்யும். திரும்பினால் மறுபடி கதிர் கொடுக்க முடியுமா என்பது பார்வை நரம்பு இதுவரை எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் இந்த ஐந்து நாள் சிகிச்சைத் திட்டத்தின் நகலை இப்போதே கேட்டு வாங்குங்கள். கோப்பைப் பரணில் போட வேண்டாம்.

அரைக்கிணறு | வியாழன், இரவு 8.40

முதல் நாள் நான் எழுதியதை அழிக்கவில்லை. என் மாமாவுக்கு நடந்தது நடந்ததுதான். ஆனால் அவருக்கு ஒரே தவணை என்று ஒரு வழி இருந்தது என்பதை அன்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

நிலாமுற்றம் | வியாழன், இரவு 9.15

அக்கா, ஒரு சின்னக் கேள்வி. அந்த ஞாயிறு இரவு தலையணையும் நனைந்துவிட்டது. இரண்டு முறை வெந்நீரில் துவைத்தும் கறை போகவில்லை.

பஞ்சும்துணியும் | வியாழன், இரவு 9.25

வெந்நீர்தான் கெடுத்தது, சூட்டில் ரத்தம் நூலோடு வெந்து பிடித்துக்கொள்ளும். இனி எப்போதும் பச்சைத் தண்ணீர். இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் ஊற்றி, நுரைத்ததும் ஒற்றி எடுங்கள், மூன்று நான்கு முறை. வண்ணத் தலையணை என்றால் முதலில் ஓரத்தில் சோதித்துவிடுங்கள், சாயம் போகும்.